கட்டைபறிச்சானில் இரண்டு கட்டை கீழே

'ஈரச் சாரம்' என்ற பெயரை மின்னஞ்சலில் முதலில் பார்த்தபோது ஏதோ ஆழமான தத்துவம் என்று நினைத்துக்கொண்டேன். சென்னையில் சாரம் என்றால் ஒன்று கருத்தின் பிழிவு, இல்லாவிட்டால் கட்டடத்துக்குக் கட்டுகிற மூங்கில். திருகோணமலைக்குப் போய் இறங்கிய பிறகுதான் அங்கே சாரம் என்றால் கைலி என்று தெரிந்தது. அந்தப் பெயர் கொண்ட இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சியில் மழை கொட்டியிருக்கிறது. டிரம்ஸ் வாசிக்கிற கஜன் நனைந்த கைலியோடு கடைசிப் பாட்டு வரை எழுந்திருக்காமல் வாசித்திருக்கிறான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நான் சாலிகிராமத்தில் ஒலிப்பதிவுப் பொறியாளர். வருஷம் முழுக்க சீரியல் டப்பிங். மாமியார்கள் அழுவதைச் சுத்தம் செய்து, மருமகள்கள் அழுவதோடு கலந்து கொடுப்பதுதான் பிழைப்பு. தங்கள் புது ஆல்பத்துக்குக் குரல் பதிவு செய்து தர முடியுமா என்று இந்தக் குழு கேட்டதும் உடனே விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அனுப்பியிருந்த மாதிரிப் பதிவுகளில் ஒரு பெண் குரல் ஆறு கட்டையில் ஏறி நின்று, கீழே பார்த்துச் சிரிப்பதுபோலப் பாடியது. அந்தக் குரலுக்காகத்தான் கிளம்பினேன். கிட்டாரும் டிரம்ஸும் ஏற்கெனவே பதிவாகி என்னிடம் வந்துவிட்டன. பெண்ணைப் பாடவைத்துவிட்டு, நிலாவெளிக் கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் பாக்கி.

பஸ் நிலையத்தில் நிரோஜா காத்திருந்தாள். அந்த மார்ச் வெயிலிலும் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. "வாங்கோ அக்கா" என்றாள், கிட்டத்தட்ட காற்றில்.

கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, "கச்சேரியில வேலை செய்யிறன்" என்றாள்.

"அது தெரியும்மா. பகலில்?"

"பகலிலதான் அக்கா. எட்டரைக்கெல்லாம் போய்க் கையெழுத்து வைக்கவேணும்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் விழித்தோம். அங்கே கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம். அவள் அங்கே நிலங்களைக் கவனிக்கிற காணிப் பிரிவில் எழுதுவினைஞர், எங்கள் பாஷையில் குமாஸ்தா. எங்கள் ஊரில் கச்சேரி என்றால் என்ன என்று நான் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சத்தமே வரவில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு புள்ளிமான் வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு நின்றது. நான் மட்டும்தான் அதைப் பார்த்தேன். ஊர்க்காரர்களுக்கு அது சென்னையில் மாடு மாதிரி. முச்சக்கர வண்டிக்காரர் ஹாரன் அடித்தார், மான் நகரவில்லை, அவர் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்.

சாப்பாட்டுக் கடையில் சோறு, சூரைமீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கடைசியில் சொதி. சொதியை ரசம் என்று நினைத்து டம்ளரில் கேட்டேன். பரிமாறியவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கொண்டுவந்து வைத்தார். தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப் புளியும். இப்போதும் அதை டம்ளரில் குடிப்பதுதான் சரி என்பது என் கட்சி.

உவர்மலையில் நிரோஜாவின் வீட்டு அறையில் மைக்கை நிறுத்தினேன். ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் ஒரு பெரிய தாம்பாளம்போல அசையாமல் கிடந்தது. முதல் பாட்டை ஓடவிட்டேன். அவள் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி மேலே ஏறவேண்டிய இடத்தில் குரல் ஏறவில்லை. ஒரு காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடி காற்று.

தண்ணீர் குடிக்கச் சொன்னேன். அவள் குடிக்கவில்லை. துப்பட்டாவை எடுத்தாள். கழுத்தின் அடியில், சங்கிலி கிடக்கிற இடத்தில், ஒரு கோடு இன்னும் சிவப்பாக இருந்தது.

"தைரொயிட்டில கட்டி இருந்தது அக்கா. வெட்டி எடுத்தவை. டொக்டர் முன்னமே சொன்னவர், மேல் குரலுக்குப் போற நரம்பு பக்கத்தில ஓடுது, பாதிச்சாலும் பாதிக்கும் எண்டு. நான்தான் ஓம் எண்டு கையெழுத்து வைச்சனான்."

"திரும்பி வருமா?"

"வரலாமாம். வராமலும் விடலாமாம்."

"எனக்கு ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் வந்திருப்பியளோ?"

எனக்குப் பதில் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. நான் மைக்கின் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கி, திரும்பவும் விரித்து வைத்தாள்.

சாயங்காலம் மற்ற இருவரும் வந்தார்கள். கிட்டார் ரிஸ்வி, கிண்ணியாவில் கைத்தொலைபேசி திருத்துகிற கடை வைத்திருப்பவன். பேஸ் கிட்டார் வாசித்த நண்பன் கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டதால் அதையும் இவனே வாசிக்கிறான். இன்னொருவன் கஜன், குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானில் வயல் செய்கிறவன். இந்த ஆல்பத்தின் பாட்டுகளை மூன்று வருஷமாகச் செய்திருக்கிறார்கள். வெளியீட்டு நிகழ்ச்சிக்கு நகரத்தில் மண்டபமும் பிடித்தாயிற்று.

ரிஸ்வி என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போனான்.

"அக்கா, பழைய டெமோவில இருக்கிற குரலையே சுத்தம் பண்ணிப் போட ஏலாதா? சனத்துக்கு அந்தக் குரல்தான் தெரியும். நிரோவுக்கும் கஷ்டமில்ல."

என் தொழிலில் அது முடியாத காரியமில்லை. ஒரு பாட்டை மட்டும் எடுத்து, டெமோவில் இருந்த அவள் குரலைப் பிரித்து, கரகரப்பைத் துடைத்து, புதிய இசையோடு பொருத்தினேன். நன்றாகவே வந்தது. மறுநாள் காலை மூவரையும் உட்காரவைத்துப் போட்டேன். ரிஸ்வியின் முகம் மலர்ந்தது. கஜன் முழங்காலில் தாளம் போட்டான். நிரோஜா கடைசி வரை கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றாள். "ஆர் இது?"

கஜனின் தாளம் முழங்காலிலேயே நின்றது.

"எனக்கு இந்தப் பிள்ளையைத் தெரியும். நல்லாப் பாடுவாள். ஆனா மேடையில வந்து நிக்கப்போறது நான். அண்டைக்கு சனம் என்னைக் கேக்குமோ, இவளைக் கேக்குமோ?"

"அப்ப என்ன செய்யிற?" என்றான் ரிஸ்வி.

"இறக்குவம். எல்லாப் பாட்டையும் கீழ இறக்குவம். எனக்கு எங்க வருதோ அங்க."

அவளை முனகச் சொல்லி, கீபோர்டில் தேடினேன். நாலு கட்டை. முன்பு பாடியதற்கு இரண்டு கட்டை கீழே. அந்த இடத்தில் அவள் குரல் கரகரப்பாக இருந்தது, ஆனால் அசையாமல் நின்றது. எனக்கு உடம்பு கொஞ்சம் சிலிர்த்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. பொறியாளர்கள் சொல்லக்கூடாது.

ரிஸ்வி எழுந்தே விட்டான். தந்தியை அழுத்தாமல் திறந்து மீட்டுகிற இடங்களை வைத்துத்தான் அவன் எல்லாப் பாட்டையும் கட்டியிருந்தான். சுருதி மாறினால் அந்தத் திறந்த தந்திகள் உதவாது. "மூணு வருஷம் செஞ்ச கை, நிரோ! எல்லாத்தையும் முதல்ல இருந்தா?"

"டிரம்ஸுக்கு சுருதி இல்லைத்தானே" என்றான் கஜன் நிம்மதியாக.

"வேகமும் குறையும். எனக்கு மூச்சு எடுக்க இடம் வேணும்."

"அப்ப எனக்கும் பிரச்சினைதான்" என்று கஜன் தலையைச் சொறிந்தான்.

பக்கத்து வீட்டில் மாடி கட்டுகிறார்கள். கொங்கிரீட் கலக்கிற எந்திரம் பகல் முழுக்க உறுமியது. டிரம்ஸ் பதிவு செய்ய அங்கே வழியில்லை. கஜன்தான் சொன்னான், அப்பாவின் நெல் களஞ்சியம் இருக்கிறது, அறுவடை முடிந்து மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கிறது, தூரம் பரவாயில்லையென்றால் வாருங்கள் என்று. நெல் மூட்டை என்றதும் நான் எழுந்து நின்றேன். சத்தத்தை விழுங்குவதற்கு அதைவிட நல்ல சுவர் எந்த ஸ்டுடியோவிலும் கிடையாது.

கச்சேரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்த நிரோஜாவும் நானும் மூதூர் பஸ்ஸில் சாமான்களோடு ஏறினோம். ரிஸ்வி கிண்ணியாவில் ஏறுவதாக ஏற்பாடு. பஸ் நின்றதும் எங்கள் ஊரில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல ஜன்னல் வழியாகக் கிட்டாரை என் மடியில் தள்ளினான். பிறகு ஒலிபெருக்கிப் பெட்டியையும் தள்ளினான். அப்புறம் ஏதோ வாங்கிவருகிறேன் என்று திரும்பினான். பஸ் புறப்பட்டுவிட்டது.

நான் கத்தினேன். நிரோஜாவால் கத்த முடியாது, ஆகவே என் தோளில் அடித்தாள். அதனால் நான் இன்னும் கத்தினேன். நடத்துநர் நிதானமாக வந்தார்.

"ஆள் ஏறேல்லையோ?"

"இல்லை! கிட்டார்தான் ஏறியிருக்கிறது!"

"அப்ப கிட்டாருக்கு டிக்கட் எடுங்கோ" என்றார். முழு பஸ்ஸும் சிரித்தது. முன் சீட்டில் இருந்த ஒரு முஸ்லிம் பெண்மணி மட்டும் திரும்பி, "பயப்படாதீங்க புள்ள, பின்னால வாறார்" என்றார். பார்த்தால், ரிஸ்வி ஒரு முச்சக்கர வண்டியின் வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு துரத்திவருகிறான். ஒரு கையில் ஒரு பை. அடுத்த நிறுத்தத்தில் மூச்சு வாங்க ஏறி, பையை நிரோஜாவிடம் நீட்டினான். தொண்டைக்கு இதமாகக் காயவைத்த கொத்தமல்லி, இஞ்சிப் பொட்டலங்கள்.

"இன்னும் கோவம்தான்" என்றான் அவளிடம். "இது வேற, அது வேற."

களஞ்சியம் வயல் நடுவே தகரக் கூரையோடு நின்றது. உள்ளே புதுநெல்லின் சூடான வாசனை. கை தட்டிப் பார்த்தேன். தட்டிய சத்தம் உடனே செத்தது. அழகு! மூட்டைகளுக்கு நடுவே ஒரு அறை அளவுக்கு இடம் ஒதுக்கி டிரம்ஸைப் போட்டோம். மின்விசிறியின் சத்தம் பதிவில் விழும் என்பதால் ஒவ்வொரு பாட்டுக்கும் அதை நிறுத்தினோம். பாட்டு முடிந்ததும் கதவைத் திறந்து வெளியே ஓடினோம். இவ்வளவு செய்தும் மயில்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. சரியாக நிரோஜா மூச்சை இழுக்கிற இடத்தில் வயலிலிருந்து ஒரு மயில் கத்தும். எங்கள் ஊரில் காக்கையோடு மல்லுக்கட்டிப் பழகிய எனக்கே அது தாங்கவில்லை.

கஜனின் அப்பா வாசலில் வந்து நின்று பார்ப்பார். பேசுவது குறைவு. மத்தியானம் கஜனின் அம்மா கேழ்வரகில் செய்த குரக்கன் பிட்டும் இறால் குழம்பும் கொடுத்தனுப்புவார். பிறகு சட்டியோடு எருமைத் தயிர், மேலே கித்துள் என்ற பனையின் பாணி. அங்கே பாண் என்றால் ரொட்டி, பாணி என்றால் பாகு. இரண்டையும் மாற்றிச் சொல்லி ஒருநாள் எனக்குத் தயிரோடு ரொட்டி வந்தது. அதையும் சாப்பிட்டேன்.

ரிஸ்வி முதல் நாள் முழுவதும் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து கிட்டாரோடு சண்டை போட்டான். பழைய விரலை வைத்துப் பார்ப்பான், வராது, தந்தியை அடித்துவிட்டு நிறுத்துவான். மறுநாளும் அதேதான். பின்னேரம் வெயில் சாய்ந்தபோது, எதையும் தேடாதவன்போல, தடித்த தந்திகளில் மட்டும் ஒரு சின்ன நடையை வாசித்தான். திரும்பத் திரும்ப அதையே. நிரோஜா பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தி அதன் மேல் பாட ஆரம்பித்தாள். அந்தப் பாட்டு, முன்பு துள்ளித் துள்ளி ஓடிய பாட்டு, இப்போது நடந்து வந்தது. நடந்து வந்ததால் வார்த்தைகள் கேட்டன. துறைமுகத்தில் அப்பாவின் வள்ளத்துக்குக் காத்திருக்கிற பெண்ணைப் பற்றிய பாட்டு அது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாடி முடித்ததும் ரிஸ்வி கீழே பார்த்துக்கொண்டு சொன்னான்: "சரி. இறக்குவம்."

அதற்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. நிரோஜாவுக்கு ஒரு நாளில் கொஞ்சம்தான் பாட முடியும். அதற்கு மேல் குரல் மங்கிவிடும். ஆகவே காலையில் அவள், மற்ற நேரம் அவர்கள். மங்கிய பிறகும் அவள் போகமாட்டாள். ஒரு மூலையில் இருந்து சைகையால் கஜனின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருப்பாள்.

சென்னையிலிருந்து முதலாளி அழைத்தார். "எப்பம்மா வர்ற? சீரியல்ல கல்யாணம் வருது. நீ இல்லாம தாலி கட்டுற சத்தம் சரியா வராது."

"கல்யாணத்தை ரெண்டு எபிசோட் தள்ளிவைங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை அணைத்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசிப் பாட்டு மிச்சமிருந்த அன்று காலை கஜனின் அப்பா உள்ளே வந்தார்.

"நெல்லுக்கு விலை வந்திட்டுது. லொறி வருது."

"எப்ப அப்பா?" என்றான் கஜன்.

"வந்துகொண்டிருக்கு."

மூட்டைகள் போனால் அது வெறும் தகரக் கொட்டகை. தட்டினால் எதிரொலிக்கும். மற்றப் பாட்டுகளோடு அந்த ஒரு பாட்டு ஒட்டாது. இன்னொரு நாள் தள்ளிவைக்க முடியுமா என்று கஜன் கேட்டான். அவர் மூட்டைகளை அண்ணாந்து எண்ண ஆரம்பித்தார். விலை நாளைக்கும் நிற்கும் என்று யார் சொன்னது? ஒரு போகத்து உழைப்பை எங்கள் பாட்டுக்காகக் காக்கவைக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

"வரட்டும்" என்றாள் நிரோஜா. "அதுக்குள்ள பாடுவம்."

முதல் முறை மயில். இரண்டாம் முறை கஜனின் குச்சி உடைந்தது. மூன்றாவது முறை நடுவில் நிரோஜாவின் குரல் உடைந்தது. மேலே அல்ல, தாழ இருந்த இடத்திலேயே. அவள் இருமிக்கொண்டு வெளியே போனாள். ரிஸ்வியின் கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தாள். அதற்குள் லொறி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. சிங்களம் பேசுகிற ஓட்டுநர் ஒருவர், மூட்டை தூக்க வந்தவர்கள் சிலர்.

கஜனின் அப்பா அவர்களிடம் போய் என்னவோ சொன்னார். எஞ்சின் நின்றது. பிறகு அவரே ஒரு தட்டில் பால் விடாத பிளேன்டீ கொண்டுபோய் மரத்தடியில் வைத்தார். அப்படிச் செய்யச் சொல்லி ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

நான் விரலைக் காட்டினேன். நிரோஜா பாடினாள். இந்தப் பாட்டில் ஒரு இடத்தில் இசை எல்லாம் நின்று அவள் குரல் மட்டும் தனியே போகவேண்டும். பழைய பதிவில் அது வானத்தில் ஏறுகிற இடம். இப்போது அவள் அதைச் சன்னமாக, காதுக்குள் சொல்வதுபோலப் பாடினாள். கரகரப்பு அப்படியே இருந்தது. குரல் ஒருமுறை நடுங்கியது, ஆனால் அவள் விடவில்லை, அந்த நடுக்கத்தோடேயே வரியை முடித்துக் கஜனைப் பார்த்தாள். அவன் சேர்ந்துகொண்டான், ரிஸ்வி சேர்ந்துகொண்டான், பாட்டு முடிந்தது.

கதவுக்கு வெளியே ஓட்டுநரும் இன்னொருவரும் சிங்களத்தில் தணிந்த குரலில் பேசியது கேட்டது. ரிஸ்வி எனக்கு மொழிபெயர்த்தான்.

"உள்ளே யாராவது அழுகிறார்களா?"

"இல்லை. பாடுகிறார்கள்."

"ஏன் நிறுத்திவிட்டார்கள்?"

அவர்கள் மூட்டைகளைத் தூக்க உள்ளே வந்தபோது நாங்கள் நால்வரும் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். கஜனும் போய் ஒரு மூட்டைக்குத் தோள் கொடுத்தான்.

நகரத்துக்குத் திரும்பி, நான் தங்கிய விடுதி அறையில் காதுக்கருவியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கலந்து முடித்தேன். நிலாவெளிக்குப் போக நேரமே கிடைக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் வெளியீடு. ஒலி மேசையில் நான். மண்டபம் நிரம்பியிருந்தது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்தவர்கள், நிரோஜாவின் காணிப் பிரிவு முழுவதும், கஜனின் அப்பா வெள்ளைச் சட்டையில். நிரோஜா துப்பட்டா போடவில்லை. கழுத்துக் கோடு விளக்கு வெளிச்சத்தில் எல்லாருக்கும் தெரிந்தது.

புதுப் பாட்டுகளைச் சனம் அமைதியாகக் கேட்டது. பிடித்திருக்கிறதா இல்லையா என்று என்னால் கணிக்க முடியவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து கூவல் தொடங்கியது. ஒரு பழைய பாட்டைக் கேட்டார்கள். அது ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். மேடையில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பாட்டை அவர்கள் புதிய சுருதியில் ஒத்திகை பார்க்கவே இல்லை.

நிரோஜா ரிஸ்வியிடம் நாலு விரலைக் காட்டினாள். அவன் தலையசைத்தான்.

அவள் தொடங்கியதும் மண்டபமே கூடச் சேர்ந்து பாடியது, பழக்கப்பட்ட பழைய உயரத்தில். கேட்கச் சகிக்கவில்லை. மேலே ஊர், கீழே அவள். நடுவே கிட்டார் யாரோடு போவது என்று தெரியாமல் தடுமாறியது. என் கை தானாக ஒலி மேசையில் அவளுடைய மைக்கின் சத்தத்தை ஏற்றப் போயிற்று. ஏற்றவில்லை. அவள் கேட்டிருந்தால் ஏற்றியிருப்பேன். அவள் கேட்கவில்லை. முதல் வரியை அங்கேயே, நாலு கட்டையிலேயே, திரும்பப் பாடினாள். மூன்றாவது தடவையும் பாடினாள். ஒரு அங்குலம் நகரவில்லை.

முதலில் முன்வரிசை அவள் சுருதிக்கு இறங்கியது. பிறகு பக்கவாட்டில் நின்றவர்கள். பல்லவி முடிவதற்குள் பின்வரிசையும் இறங்கிவிட்டது. அதன் பிறகு மண்டபத்தில் ஒரே குரல்தான். அவள் மைக்கை விட்டு ஒரு அடி பின்னால் போய் மூச்சு வாங்கிக்கொண்டாள். பாட்டு நிற்கவில்லை.

ஒலி மேசைக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டு என் காதருகில் குனிந்தார்.

"முந்தி இந்தப் பாட்டில மேல போற இடம் எனக்கு எட்டாது பிள்ளை. வாயை மட்டும் அசைப்பன்" என்றார். "இப்ப எனக்கும் ஏலுது."

சொல்லிவிட்டு, அந்த இடம் வந்ததும், என்னை மறந்துவிட்டு, கொஞ்சம் சுருதி விலகி, உரக்கப் பாடினார்.